பாதி வெட்டப்பட்ட வாழ்த்து

திடீர் மழை. கொடியில் காயும் துணியை எடுக்க ஒரு பெண் ஓடி வருகிறாள். ஓடிய வேகத்தில் ஒரு காலின் மரச்செருப்பு கழன்று விழுகிறது. அதை எடுக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. காற்றில் படபடக்கும் கிமோனோவை நோக்கிக் கை நீள்கிறது.

ஜப்பானிய ஓவியர் சுசுகி ஹருநோபு 1765-ல் வரைந்த அச்சு ஓவியம் இது. பார்த்தவுடன் மழையும் பெண்ணும் மட்டும்தான் தெரியும். அந்தக் காலத்து எடோ நகரவாசி, அதாவது இன்றைய டோக்கியோக்காரர், முதலில் பார்த்திருக்கக்கூடியது வேறொன்று. கொடியில் ஆடும் அந்த கிமோனோவின் பூவேலைக்குள் சில எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. அந்த ஆண்டின் பெயர், அதில் எந்தெந்த மாதங்களுக்கு முப்பது நாள் என்ற கணக்கு. படம் மொத்தமும் ஒரு காலண்டர்!

அப்போது ஜப்பானில் சந்திரனை ஒட்டிய நாட்காட்டிதான். முப்பது நாள் இருந்தால் பெரிய மாதம், இருபத்தொன்பது நாள் இருந்தால் சின்ன மாதம். எது பெரியது, எது சின்னது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடன், பாக்கி எல்லாம் மாதக் கடைசியில் பைசல் செய்கிற ஊரில் இது தெரியாமல் ஒரு வீடும் நடக்காது. ஆனால் காலண்டர் அச்சிடும் உரிமையை அரசு ஒரு சிலருக்கு மட்டுமே கொடுத்திருந்தது. அதனால் ரசனையுள்ள சிலர் காலண்டரைப் படத்துக்குள் புதைத்து, புத்தாண்டுக்கு நண்பர்களிடம் கொடுத்துக்கொண்டார்கள். வாங்கியவர் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

1765-ல் இந்த விளையாட்டு பெரிய போட்டியாகவே மாறியது. முன்னால் நின்றவர் ஓகுபோ ஜின்ஷிரோ என்ற சாமுராய். க்யோசென் என்பது அவருடைய புனைபெயர். தன் குழுவின் படம்தான் அழகாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் செலவைப் பாராமல் இறங்கியதில், மரக்கட்டை அச்சில் பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் கலை அங்கே முழு வளர்ச்சி பெற்றது. இன்று உலகம் கொண்டாடும் ஜப்பானிய வண்ண அச்சு ஓவியம் கடையிலிருந்து பிறக்கவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்த பரிசிலிருந்து பிறந்தது.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். அந்தப் படங்களின் அழகைப் பார்த்த பதிப்பாளர்கள் மரக்கட்டைகளை வாங்கி, காலண்டர் எழுத்துகளையும் அதை வெளியிட்டவரின் பெயரையும் செதுக்கி நீக்கிவிட்டு, படத்தை மட்டும் அச்சிட்டுக் கடையில் விற்றார்கள். பெண் அப்படியேதான் ஓடினாள். யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார் என்பது மட்டும் காணாமல் போனது.

இப்படி நட்புக்காக அச்சிடப்பட்ட தாள்களுக்கு 'சுரிமோனோ' என்று பெயர். வார்த்தைக்கு 'அச்சிடப்பட்டது' என்பதுதான் பொருள். அதற்குமேல் ஒரு அலங்காரமும் இல்லாத பெயர். 18-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1830-கள் வரை இதன் பொற்காலம். காரணம், 'க்யோகா' என்ற கிறுக்குக் கவிதைகள். பழைய அரண்மனைக் கவிதையின் அதே 31 அசை, அதே ஐந்து வரி. உள்ளே இருப்பதோ கிண்டலும் சிலேடையும்.

க்யோகா எழுத எடோவில் கவிதைச் சங்கங்கள் இருந்தன. ஒரு பெரிய சங்கத்தை நடத்திய இஷிகாவா மசமோச்சியின் குடும்பம் சத்திரம் வைத்திருந்தது. அவர் வைத்துக்கொண்ட புனைபெயரின் பொருள், 'சத்திரத்தில் சோறு போடுகிறவன்'. எதிர் முகாமின் தலைவர் மகாவோ, இனிப்புப் பயறுக் கஞ்சிக் கடைக்காரர். இன்னொரு புகழ்பெற்ற கவிஞர் பொதுக் குளியலறை நடத்தியவர். அவர் மனைவியும் கவிஞர்தான். அரண்மனைப் பெண் அதிகாரியின் பட்டத்தையே கொஞ்சம் திருகி, 'அறிவு இல்லாதவள்' என்று தொனிக்கும்படி பெயர் வைத்துக்கொண்டார் அந்த அம்மையார். சாமுராய்க்கும் வியாபாரிக்கும் நடுவே சட்டமே சுவர் எழுப்பியிருந்த சமூகம் அது. கவிதைக் கூட்டத்தில் மட்டும் இந்தக் கிண்டல் பெயர்களோடு அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

புத்தாண்டு நெருங்கினால் சங்கம் ஒரு தலைப்பு கொடுக்கும். உறுப்பினர்கள் எழுதுவார்கள். தேர்ந்த கவிதைகளுக்கு ஏற்ற படத்தை ஓவியரிடம் கேட்பார்கள். பிறகு செதுக்குபவர், அச்சிடுபவர் என்று வேலை கைமாறும். செலவைக் கவிஞர்களே பங்கு போட்டுக்கொள்வார்கள். விற்பனைக்கு அல்ல என்பதால் அளவோடுதான் அச்சிடுவார்கள். கடைக்கு வரும் படங்களில் தணிக்கை முத்திரை இருக்க வேண்டும். இதற்கு அதுவும் தேவையில்லை. கணக்குப் பார்க்காததால் கைவினைஞர்களுக்குக் கொண்டாட்டம். தடித்த, மிருதுவான தாள். தங்கம்போல மின்னப் பித்தளைப் பொடி. பனிக்கும் நீருக்கும் அப்பிரகப் பொடி. எல்லாவற்றையும்விட அழகு, மையே தொடாமல் கட்டையை அழுத்திப் பதிக்கும் புடைப்பு வேலை. கொக்கின் சிறகும் பட்டுத் துணியின் நெசவும் வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே எழுந்து நிற்கும். போன் திரையில் இதைப் பார்க்க முடியாது. தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். அதாவது, கைக்குக் கை மாறுவதற்காகவே செய்த பொருள்.

சுரிமோனோ வரைந்தவர்களில் குபோ ஷுன்மன் தனி ரகம். ஓவியர், கவிஞர் இரண்டும் அவரே. இடது கைக்காரர். அதை மறைக்காமல், இடது கையைப் போற்றும் பொருளில் ஒரு பெயரும் சூட்டிக்கொண்டார். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஹோகுசாய்தான். அவருடைய 'பேரலை' இன்று கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் வருகிறது. அதை வரைந்தபோது அவருக்கு எழுபது வயதை ஒட்டியிருக்கும். கடையில் அதன் விலை ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலையை ஒட்டித்தான் இருந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் கவிதைச் சங்கங்களுக்காக விலையே இல்லாத தாள்களை வரைந்துகொண்டிருந்தார். 1822 குதிரை ஆண்டு. அதற்காக அவர் ஒரு குதிரை வரிசை வரைந்தார். பல தாள்களில் தேடினாலும் குதிரை கிடைக்காது! ஜப்பானிய மொழியில் 'கோமா' என்றால் குதிரை. பம்பரமும் 'கோமா', சதுரங்கக் காயும் 'கோமா'. இப்படிப் பெயருக்குள் குதிரை ஒளிந்திருக்கும் பொருள்களையும் இடங்களையும் வரைந்துவிட்டு, மிச்சத்தைக் கவிதையிடம் விட்டுவிட்டார். கவிதையைப் படிக்காதவர் கண்ணுக்கு அது சில சாமான்கள் கிடக்கும் படம், அவ்வளவுதான்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

சுரிமோனோவில் நீள வகை ஒன்று உண்டு. முழுத் தாளை அகலவாக்கில் நடுவே மடிப்பார்கள். மேல் பாதியில் ஓவியம். கீழ்ப் பாதியில் கவிதைகளோ, இசைக் கச்சேரியின் நிகழ்ச்சி நிரலோ, 'இன்னார் இன்று முதல் இந்தப் பெயரில் அழைக்கப்படுவார்' என்ற அறிவிப்போ இருக்கும். அந்த எழுத்தைத் தலைகீழாக அச்சிடுவார்கள். மடித்த தாளைத் திருப்பினால் நேராகத் தெரியும்.

1840-களின் தொடக்கத்தில் அரசு ஆடம்பரத்துக்கு எதிராகக் கடும் சட்டங்கள் கொண்டுவர, சுரிமோனோவின் பொற்காலம் முடிந்தது. பின்னர் ஜப்பானின் துறைமுகங்கள் திறந்தன. அச்சு ஓவியங்கள் கப்பல் கப்பலாக ஐரோப்பா போயின. எட்மோன் தெ கோன்கூர் 1896-ல் பாரிஸில் ஹோகுசாய் பற்றி எழுதிய நூலில் சுரிமோனோக்களுக்கு நிறையவே இடம் கொடுத்தார். ஆசைப்பட்டவர்கள் பெருகினார்கள். ஆனால் அவர்களுக்குக் கவிதை தேவைப்படவில்லை. படிக்கவும் முடியாது. சேர்த்து எழுதிய அந்தப் பழைய கையெழுத்தை இன்றைய ஜப்பானியர்களே தனியாகப் பயிற்சி எடுத்தால்தான் வாசிக்க முடியும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட நினைப்பவருக்குத் தலைகீழாக எழுத்து நிற்கும் பாதி இடைஞ்சல். கத்தரித்துவிட்டார்கள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் நீள சுரிமோனோக்களில் பல, மேல் பாதி மட்டுமே.

கிராக்கி இருந்தால் போலியும் வரும். 1890-களில் ஜப்பானிலேயே பழைய சுரிமோனோக்களைப் பார்த்துப் புதிதாகக் கட்டை செதுக்கி அச்சிட்டார்கள். வேலை அவ்வளவு சுத்தம். சேகரிப்பாளர்கள் வெகுகாலம் அவற்றையும் அசல் என்றே நம்பினார்கள். தாளின் கனத்தையும் கோட்டில் உள்ள மயிரிழை வித்தியாசத்தையும் வைத்துத்தான் நிபுணர்கள் பிரித்தெடுக்கிறார்கள். யாரும் விலை போடாத ஒரு பொருளுக்குப் போலி செய்யும் அளவுக்கு விலை வந்துவிட்டது!

படத்தைப் பார்த்தது போதும், எழுத்தையும் படிப்போம் என்று ஆய்வாளர்கள் உட்கார்ந்தது 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். டப்ளினின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ள தொகுப்புக்கு ரோஜர் கீஸ் 1985-ல் விரிவான அட்டவணை நூல் எழுதினார். சூரிச் நகர அருங்காட்சியகத்தில் உள்ள தொகுப்பைப் பற்றி 2008-ல் ஜான் கார்பென்டர் பதிப்பித்த நூலுக்குத் தலைப்பே 'சுரிமோனோவை வாசித்தல்'. சத்திரக்காரரும் கஞ்சிக் கடைக்காரரும் சொன்ன நகைச்சுவைக்கு, இருநூறு ஆண்டு கழித்து வேறு கண்டத்தில் யாரோ சிரிக்க முடிகிறது.

வெட்டப்பட்ட தாள்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. படத்தில் பிளம் மரம் பூத்திருக்கிறது. மரத்தடியில் பெண்கள் நிற்கிறார்கள். ஓவியரின் கையெழுத்தும் பத்திரமாக இருக்கிறது. அந்த வசந்தத்தில் கச்சேரி எங்கே நடந்தது, யார் பாடினார், யார் யாரை அழைத்தார் என்பதெல்லாம் கீழ்ப் பாதியில் இருந்தது.