ரயில் போன பாதை

சிங்கப்பூருக்குள் 2011 வரை ஒரு குட்டி மலேசியா இருந்தது. தஞ்சோங் பகார் ஸ்டேஷனும், அங்கிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை போன ரயில் பாதையும் மலேசிய ரயில்வேயின் கையில். 1998-க்குப் பிறகு விநோதம் முற்றியது. சிங்கப்பூர் தன் குடிநுழைவு அலுவலகத்தை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது; மலேசியா தஞ்சோங் பகாரை விட்டு நகர மாட்டேன் என்றது. ஆகவே பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைவார். அப்புறம் ரயிலேறி, தீவின் மறுகோடிக்குப் போய், சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். நடுவில் அவர் எந்த தேசத்தில் இருந்தார் என்பதைத் திருமூலரைத்தான் கேட்க வேண்டும்.

1990-இல் போட்ட ஒப்பந்தம் இருபது வருஷம் இழுத்து, 2010-இல் பேசி முடித்தார்கள். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். தண்டவாளத்தையும் பெயர்த்து மலேசியாவுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

மிச்சம், 24 கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் நிலம். மதுரை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே உள்ள தேசத்தில்! ரியல் எஸ்டேட்காரர்களுக்குத் தூக்கம் வருமா? ஆனால் ரயில் நிற்பதற்கு முன்பே, 2010-இல், அங்கிருக்கும் இயற்கைச் சங்கத்தார் 'துண்டு போடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்' என்று அரசாங்கத்திடம் திட்டம் கொடுத்தார்கள். அரசாங்கமும் காது கொடுத்துக் கேட்டது.

அண்ணன் மகனுடன் புக்கிட் தீமா பக்கம் கொஞ்ச தூரம் நடந்தேன். பழைய இரும்புப் பாலம், சின்ன ஸ்டேஷன், இரண்டு பக்கமும் மரம். செயற்கை நீரூற்றைத் தேடினேன்.

"பார்க் எங்கேன்னு தேடாதீங்க சித்தப்பா. இதுதான் பார்க்!"

யோசித்தால் சூட்சுமம் புரிகிறது. சதுரமான பூங்கா அதைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு மட்டும் பக்கம். நாடா மாதிரி நீண்டால் எத்தனையோ பேட்டைகளின் கொல்லைப்புறத்தைத் தொட்டுக்கொண்டு போகும். பறவைக்கும் உடும்புக்கும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக வழி. அடியில் குடிநீர்க் குழாய்கூடப் பதித்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் ஒரே ஒரு அடுக்குமாடி முளைத்தால் போதும், பாதை இரண்டு முட்டுச்சந்தாகிவிடும். இடிக்காமல் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

1932-இல் ரயில்வேயில் கூலி வேலை பார்த்த நம்மவர்கள் இந்தத் தண்டவாளத்தோரம் முனீஸ்வரருக்கு ஒரு குடிசை போட்டுக் கும்பிட்டார்கள். இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயில். ரயில் போய்விட்டது; காவல்காரர் போகவில்லை.

"இதை வித்தா எத்தனை கோடி தேறும் சித்தப்பா?" என்றான் பையன்.

"உங்க அரசாங்கத்துக்கு நல்லாவே கணக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் விக்காம வச்சிருக்கு."