கடைக்கு லென்ஸோடு போங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடைக் காலம். அம்பை, சேரன்மகாதேவி, பாளை வட்டார ஒளிப்பதிவாளர்கள் கல்யாண வேலைக்கு நடுவே விடிய விடியக் கொடையும் எடுக்கிறார்கள். லென்ஸின் ஃபோகஸ் ரிங்கைக் கியரால் திருப்பும் கருவியைப் பற்றி அவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது: “கையைக் கடிக்காத விலையில் எந்த ஃபாலோ ஃபோகஸ் வாங்கலாம்?”

சோனி பிடி 170 வைத்து எடுத்த நாளில் இந்தக் கேள்வி எழவில்லை. மூன்றில் ஒரு பங்கு அங்குல சென்சாரில், ஆள் ஓரடி முன்னே பின்னே போனாலும் தெளிவாகவே விழுந்தார். 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்த பிறகு, பின்னணி கலங்கிய படத்தைக் கல்யாண வீட்டாரே விரும்பிக் கேட்கத் தொடங்கினார்கள். முழு ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து, 2 மீட்டரில் இருப்பவரை எடுத்தால் ஃபோகஸ் நிற்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. தான். கண் தெளிந்தால் காது மங்கும்.

மணமேடைக்கு இன்றைய ஆட்டோ ஃபோகஸ் போதும். ஆனித் தேரோட்டத்துக்கு அதுகூட வேண்டாம். 24 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டால், வடம் பிடிப்பவர் கையிலிருந்து நெல்லையப்பர் கோபுரம் வரை எல்லாம் தெளிவு.

வில்லுப்பாட்டு அப்படியல்ல. புலவர் வீசுகோலை ஓங்கி நாணில் அடிக்கிறார், மணிகள் குலுங்குகின்றன. சுடலை மாடன் கதை இறுகும் நொடியில் கோலின் நுனியிலிருந்து அவர் கண்ணுக்கு ஃபோகஸ் வந்தாக வேண்டும். அந்த நொடி எது என்று கேமராவுக்குத் தெரியாது, கதை கேட்கும் நமக்குத்தான் தெரியும். சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து சாமியாடி தீப்பந்தத்தோடு நேரே வரும்போது, ஆட்டோ ஃபோகஸ் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடுவதை எத்தனை கொடையில் பார்த்திருக்கிறோம்! அந்த அருள் மறுபடி எடுக்கக் கிடைப்பதில்லை.

எனவே அங்கே கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். அதற்கு நாம் சொல்வது, முதல் பணம் லென்ஸுக்கு. இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் ரிங்குக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு இல்லை, நடுவில் மோட்டார் இருக்கிறது. வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம். ஃபாலோ ஃபோகஸின் வெள்ளை வட்டில் போட்ட பென்சில் குறி அடுத்த முறை பொய்யாகிவிடும். (சில கேமராக்களில் திருப்பும் வேகத்தைப் பாராத ‘லீனியர்’ அமைப்பு உண்டு, இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.) பழைய மேனுவல் நிக்கார் லென்ஸோ, கியர் பல்லோடு வரும் சாம்யாங் வீடியோ லென்ஸோ இரு முனையிலும் திடமாக முட்டி நிற்கும், குறி மாறாது. நிக்கார் கேனனுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழலும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்துதான் ஃபாலோ ஃபோகஸ். 15 மி.மீ. ராடில் ஏறுவதாகவும், 0.8 கியர் உள்ளதாகவும், இரு குறிகளில் முட்டி நிற்க ஏ–பி ஸ்டாப் வைக்கக் கூடியதாகவும் இருக்கட்டும். மலிவான கருவியின் குறை கியரில் தெரியும். லென்ஸை மாட்டிக் கைப்பிடியை இடமும் வலமும் மயிரிழை அசையுங்கள். லென்ஸ் ரிங் அசையாமல் கைப்பிடி மட்டும் ஆடினால் அது ப்ளே. அந்த ப்ளே 85 மி.மீ. லென்ஸில் ஒரு கண்ணைத் தின்றுவிடும். பிறகு கடை வாசல் நிலையின் விளிம்பை ஃபிரேமில் வைத்துச் சக்கரத்தைத் திருப்புங்கள். படம் குலுங்கினால் கருவியின் கை பலவீனம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிம்பலில் ஓடி எடுப்பவருக்கு டில்டா நியூக்ளியஸ் நானோ போன்ற வயர்லெஸ் வேண்டியதுதான். ஆனால் அதன் மோட்டாருக்குப் பவர் வேண்டும், லென்ஸ் மாற்றும்போதெல்லாம் காலிபரேஷன் பார்க்க வேண்டும். கொடைக் களத்தில் ட்ரைபாடை ஊன்றி நிற்பவருக்குக் கையால் திருப்பும் கருவியே நம்பகமானது என்பது நம் தீர்ப்பு. மிச்சமாகும் பணத்தில் ஃபோகஸ் பார்க்க ஓர் உதவியாளரை உடன் அழைத்துப் போங்கள், அவருக்கு முழுக் கூலி கொடுங்கள்.

வாங்கும் நாளில் மறக்காமல் உங்கள் லென்ஸையும் கேமராவையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.