பாட்டு தெரியும், நாடகம் தெரியாது!

காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனால், கீரப்பாளையம் பக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து காதில் விழும். 1970ல் அரசு விழாக்களுக்கு வந்த பாட்டு. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாகவே அறிவித்துவிட்டார்கள். 55 விநாடி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட பிசகாமல் பாடிவிடும்.

அந்தப் பிள்ளையிடம் "இது எந்த நாடகத்துல வருது கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். "நாடகமா?" என்று முழிக்கும். சரி, அது சின்னப் பிள்ளை. பி.காம். கடைசி வருஷ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மனோன்மணியம், சுந்தரம் பிள்ளை, 1891 என்று நாலைந்து பேர் சொல்வார்கள், ஒரு மார்க் கேள்விக்குப் படித்த புண்ணியம். கதை என்ன என்று கேட்டால் வகுப்பே நிசப்தம். தினமும் வாசற்படி வரை போய்ப் பாடிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பன்னிரண்டு வருஷம் திரும்பி வந்திருக்கிறார்கள்!

இத்தனைக்கும் அந்த வீட்டுக்குள் இருப்பது என்ன தெரியுமா? சீவகன் என்று ஒரு பாண்டிய ராஜா. யார் என்ன சொன்னாலும் நம்பிவிடும் அப்பாவி. குடிலன் என்று ஒரு மந்திரி, பேச்செல்லாம் தேன், மனசெல்லாம் விஷம். ராஜாவின் மகள் மனோன்மணி கனவில் முன்பின் தெரியாத ஒருவனைப் பார்க்கிறாள். அங்கே சேர ராஜா புருடோத்தமன் கனவில் முன்பின் தெரியாத ஒரு பெண் வருகிறாள். நெல்லையில் கட்டிய புதுக்கோட்டையின் மேல் நம்பிக்கை இல்லாத சுந்தர முனிவர், பூஜை செய்ய ஒரு அறை கேட்டு வாங்கி, அதிலிருந்து யாருக்கும் தெரியாமல் சுரங்கம் தோண்டுகிறார். குடிலனின் மகன் தூது போய்க் காரியத்தைக் கெடுத்து, யுத்தமே வந்துவிடுகிறது. தோற்றுப்போன ராஜா அந்த மகனுக்கே தன் பெண்ணை நடுராத்திரியில் கட்டிக்கொடுக்கப் பார்க்க, அதே சுரங்கம் வழியாக...

எட்டு வயசுப் பிள்ளைக்கு இதில் எது பிடிக்காது? சுரங்கமா, கனவா, கெட்ட மந்திரியா?

ஆனால் இந்த நாடகம் எட்டு வயசில் கையில் கிடைப்பதில்லை. பெரிய வகுப்புக்குப் போன பிறகு ஒரு துண்டாக, அருஞ்சொற்பொருளோடு, இலக்கணக் குறிப்போடு வருகிறது. அந்த வயசில் சுரங்கம் ஒரு விஷயமே இல்லை, மார்க்தான் விஷயம்.

இதையே பிள்ளைகள் கையால் தொட்டு விளையாடுகிற புத்தகமாகப் போட்டால் என்ன? குடிலன் ராஜாவிடம் பேசுவது மேல் தாளில். தாளைத் தூக்கினால் அவன் மனசுக்குள் நினைப்பது. (நாடகத்திலேயே அவன் தனியாக நின்று திட்டம் போடும் இடங்கள் உண்டு, யாரும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.) நடுப்பக்கத்தில் ஒரு ஓட்டை, விரலை விட்டால் நாலு பக்கம் தள்ளி வெளியே வரும். அதுதான் சுரங்கம். கல்யாணப் பக்கம் வந்ததும், அதுவரை காத்திருந்த விரல் நுழைந்து வந்து நிற்கும். அந்த விரல்தான் புருடோத்தமன்.

"இலக்கியம் என்ன பொம்மையா? அதன் கம்பீரம் என்னாவது?" என்று உடனே சில பேர் சண்டைக்கு வருவார்கள். அந்தக் கம்பீரத்தை இப்போது எப்படிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்களாம்? "எனத் தொடங்கும் பாடலை அடி மாறாமல் எழுதுக" என்று கேட்டுத்தானே! 2016ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் சொல்லித்தர உத்தரவிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணம் வகுப்பறைக்குள் நுழைந்ததும் ஒப்பிப்பதாக மாறிவிடுகிறது. 1330 குறளையும் ஒப்பித்தால் அரசே பரிசுப் பணம் தருகிறது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஐந்தொகையில் சொத்து என்று காட்டலாம், அவசரத்துக்கு எடுத்துச் செலவு செய்ய முடியாது. அந்த மாதிரி சொத்து இது.

இந்தக் கம்பீரக்காரர்கள் பழைய தென்னார்க்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்க வேண்டும். மகாபாரதத்தை விடப் பெரிய இலக்கியம் உண்டா? அந்த மேடையில் முதலில் வருவது தர்மரா? இல்லை, கட்டியங்காரன்! மகுடம் தரித்து வரும் ராஜாவையே நிறுத்தி "யாருய்யா நீ, என்ன வேணும்?" என்று கேட்பவன். முன்வரிசையில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் வாண்டுகள் அவனோடு சேர்ந்து கத்தும், சிரிக்கும், பாதியில் தூங்கும், அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது எழுந்து உட்காரும். துகிலுரிதல் வரும்போது அதே வாண்டுகள் மூச்சு விடாமல் பார்க்கும். அதுவரை கேலி பண்ணிக்கொண்டிருந்ததால் பாஞ்சாலியின் துக்கம் குறைந்தா போய்விட்டது? புத்தகத்தின் ஒவ்வொரு பக்க மூலையிலும் ஒரு கட்டியங்காரனை நிறுத்தி, "இந்த ஆள் சொல்றது நிஜமா?" என்று கேட்க வைத்து, பதில் எழுதக் கீழே இடம் விட்டால் எத்தனை அட்டகாசமாக இருக்கும்!

வெள்ளைக்காரன் இதைச் செய்து பார்த்தும் விட்டான். 1807ல் சார்லஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும் ஷேக்ஸ்பியரைச் சிறுவர்களுக்குக் கதையாக எழுதினார்கள். கதை கிடைத்தது, நாடகம் காணாமல் போனது. 1998ல் மார்சியா வில்லியம்ஸ் அதே நாடகங்களைப் படக்கதையாகப் போட்டார். நடுவில் மேடை, அதில் பாத்திரங்கள் பேசுவது ஷேக்ஸ்பியரின் சொந்த வார்த்தைகள். பக்க ஓரங்களில் அந்தக் காலத்து லண்டன் ரசிகர்கள் உட்கார்ந்து கமெண்ட் அடிக்கிறார்கள். அதாவது அசல் வரிகளும் இருக்கு, கேலியும் இருக்கு. கிட்டத்தட்ட கட்டியங்காரன் வேலைதான் :)

நாடகம் போகட்டும், கவிதைக்கு வரலாம். கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. அந்த ஊர்ச் சம்பந்தர், ஏழாம் நூற்றாண்டுக்காரர், மாலைமாற்று என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே எழுத்து வரிசை. "விகடகவி" என்ற ஒரு வார்த்தையைத் திருப்பிப் படித்து ஆச்சரியப்படும் பிள்ளைக்கு, பாட்டு முழுக்க அப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அவருடைய திருவெழுகூற்றிருக்கை இன்னும் விசேஷம். ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் ஏழு வரை ஏறி ஏறி இறங்கும். கட்டம் போட்டு எழுதினால் தேர் வடிவம் வரும். பின்னால் வந்த காளமேகம் த வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு வெண்பாவே பாடினார். இவர்களை விடவா இலக்கியத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியும்?

பக்திப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் வைக்கலாமா என்று இன்னொரு கோஷ்டி கிளம்பும். பாட்டு வேண்டாம் என்றால் உத்தியை எடுத்துக்கொள்ளட்டும். வெறும் தேர்க் கட்டத்தைக் கொடுத்து, கீரப்பாளையத்தில் ஒன்று முதல் ஏழு வரை என்னென்ன இருக்கிறது என்று பிள்ளைகளையே நிரப்பச் சொல்லட்டும். அதற்குப் பிறகு சம்பந்தரைத் தேடிப் போகிற பிள்ளை தானாகப் போகும்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. பட்டனை அமுக்கினால் சிங்கம் கர்ஜிக்கும் புத்தகத்தையும் விளையாட்டுப் புத்தகம் என்றுதான் விற்கிறார்கள். 2018ல் வந்த புதுப் பாடநூல்களில் க்யூஆர் கோடு போட்டார்கள். போனைக் காட்டினால் வீடியோ ஓடும், பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும். அதில் விளையாடுவது போன்தான், பிள்ளை இல்லை. பிள்ளை ஏதாவது செய்தால்தான் அடுத்தது நடக்கணும். தாளைத் தூக்கணும், வார்த்தையை நிரப்பணும், வேஷம் போட்டுப் படிக்கணும்.

செலவு? வழுவழு தாளில் கலர் கலராக அடித்து நூற்றுக்கணக்கில் விலை வைத்தால், கீரப்பாளையத்தில் நெல் அறுவடைக்குக் கூலிக்குப் போகும் வீட்டில் அந்தப் புத்தகத்தை யார் வாங்குவார்கள்? ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். ஜெராக்ஸ் கடை போதும். அரசாங்கத்துக்கும் இது புதுசில்லை. 2023ல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அந்த வரிசையில் மனோன்மணியத்துக்கு எட்டே எட்டுப் பக்கம் கொடுத்தால் போதும். சுரங்கத்துக்கு ஓட்டை போட வாத்தியாரிடம் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். முதல் பக்கத்துக்குத் தனியாகப் பாடம் நடத்தவும் வேண்டாம், அது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.