யாரும் சூனியத்திலிருந்து தொடங்கவில்லை

"சிஸ்டம் டவுன்மா, நாளைக்கு வாங்க." வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து இதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. முதியோர் உதவித்தொகை எடுக்க வெயிலில் நடந்து வந்த ஓரம்மா ஒருநாள் திருப்பிக் கேட்டது: "அது என்னதாம்ப்பா, சிஸ்டம்?" பட்டம் வாங்கியவன், கவிதை எழுதுகிறவன், வாயடைத்துப் போனேன். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். உள்ளே நடப்பது கருவறை ரகசியம்.

அதற்கப்புறம்தான் லினக்ஸை மூலநிரலிலிருந்து நானே கட்டிப் பார்ப்பது என்று இறங்கினேன். கையில் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' புத்தகம். ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கி, 1999 முதல் இலவசமாகக் கிடைப்பது. விவரம் தெரிந்த ஒருவரிடம் சொன்னேன். "அதெல்லாம் எக்ஸ்பர்ட்டுங்க செய்யறது. உங்களுக்கெல்லாம் எதுக்கு?" என்றார். 'உங்களுக்கெல்லாம்': இந்தப் பன்மை நமக்கென்ன புதுசா?

1990இல் மண்டலை எதிர்த்துத் தெருவைக் கூட்டியும் செருப்புத் துடைத்தும் காட்டியவர்கள் கத்தியதும் இதே தகுதி, திறமைதான். அடுத்த வருடம், 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலை அறிவித்தார். அவருக்கு வயது 21. தனி மேதை என்கிறார்கள். ஆனால் 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்தின் கம்பைலர் அவர் கையில் தயாராக இருந்தது.

ஸ்கிராட்ச் என்று தலைப்பில் இருக்கிறதே தவிர, சூனியத்திலிருந்து எதையும் கட்ட முடியாது. புதிய லினக்ஸைக் கட்ட ஏற்கெனவே ஓடுகிற ஒரு லினக்ஸ் வேண்டும். பழைய கம்பைலர்தான் புதிய கம்பைலரைப் பெற்றுப் போடுகிறது. புத்தகம் இதை மறைக்காமல் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. சாதி சொல்வதில்லை. தாத்தன் காலத்துக் கம்பைலரை வீட்டில் வைத்துக்கொண்டு, 'நானாக வந்தேன்' என்கிறது.

புத்தகத்தில் ஒரு சிறு பரிசோதனை நிரல் உண்டு. என் பழைய லேப்டாப்பில் ஓட்டினேன். பைசன் இல்லை, மேக்இன்ஃபோ இல்லை, எஸ்எச் என்பது பாஷைக் காட்டாமல் டாஷைக் காட்டுகிறது என்றது. 'நீ லாயக்கில்லை' என்று சொல்லவில்லை. குறை இன்னது என்றது. ஒரு மாலைக்குள் சரிசெய்துவிட்டேன். நம் பிள்ளைகளை எந்தக் கல்லூரி, எந்த நேர்காணல் இப்படி நடத்தியிருக்கிறது? என்ன இல்லை என்று சொல்லிக் கொடுப்பதற்குப் பதில், 'இவங்களுக்கு வராது' என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒரு மாணவத் தோழர் கேட்டார்: "நிலம் போச்சு, வழக்கு நிக்குது. நீங்க கம்பைல் பண்ணிட்டிருக்கீங்களா?" நியாயமான கேள்வி. இதனால் அந்த அம்மாவுக்குப் பணம் வந்துவிடாது. ஆனால் நிலப் பதிவும் உதவித்தொகையும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட காலத்தில், அதன் உள்ளே ஒருவருமே எட்டிப்பார்க்காத சமூகம் வெளியில்தான் நிற்கும். பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்ட அம்பேத்கர் பாரசீகம் படித்தார். மறுத்த கதவைப் பற்றி எழுதிய கையோடு, திறந்திருக்கும் கதவுக்குள் நுழையவும் வேண்டும்.

திறந்த மூலம் என்பதாலேயே அது நமக்குத் திறந்துவிடாது. நாலு கோர், 8 ஜிபி நினைவகம் நல்லது என்கிறது புத்தகம். வட்டில் 30 ஜிபி இடம், பல இரவுகள், ஆங்கிலம் எல்லாம் வேண்டும். தனியாளாக இது சுமை. படிப்பு வட்டத்துக்கு ஒரு பழைய கணினி போதும். ஒருவர் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லட்டும், ஒருவர் தட்டட்டும், ஒருவர் பிழைகளைத் தமிழில் எழுதி வைக்கட்டும். அந்த நோட்டு அடுத்து வருகிறவருக்குத் தாத்தன் வீட்டுச் சொத்து.

நான் இன்னும் முதல் தொகுப்பைக்கூடக் கம்பைல் செய்யவில்லை. தயாராகிக்கொண்டிருக்கிறேன். வாருங்கள், சேர்ந்து தயாராவோம்.