விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி

மாவட்ட முதன்மை நீதிபதியும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தலைவருமான மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. என் தம்பி கொத்தனார். 2023 ஆகஸ்ட்டில் வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பியவனைப் பின்னால் வந்த லோடு ஆட்டோ இடித்துத் தள்ளியது. வலது முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. அப்போது அவனுக்கு வயது 34. வழக்கு முடிந்துவிட்டது, பணமும் வந்துவிட்டது. அதை மறுபடி கிளறச் சொல்லி நான் எழுதவில்லை. இன்றைக்கு, அவன் கிடந்த அதே அரசு மருத்துவமனை வார்டில் மாவுக்கட்டோடு படுத்திருப்பவருக்காக எழுதுகிறேன்.

108 வண்டியில் தம்பியோடு ஏறி வந்தவர் அந்த வழியாகப் போன ஒரு பெரியவர். நல்ல மனிதர். அவசரப் பிரிவில் "என்ன ஆச்சு?" என்று கேட்டதும், "வண்டியிலேர்ந்து விழுந்துட்டாருங்க" என்றிருக்கிறார். அவர் கண்ணில் பட்டது அவ்வளவுதான். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது: இரு சக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்ததாக. இடித்த வண்டியைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. தம்பி தெளிந்து வாக்குமூலம் கொடுத்து, எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவர் ஆட்டோவின் எண்ணைச் சொல்லி, எஃப்.ஐ.ஆர். பதிவாக நான்கு நாள் ஆனது. அந்த ஏ.ஆர். காப்பியை நான்தான் வாங்கி ஃபைலில் வைத்தேன். படித்தும் பார்த்தேன். இந்த ஒரு வரி பிற்பாடு எங்கள் கழுத்தைப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், நான் டீ வாங்கக் கீழே போயிருந்த நேரம் பார்த்து ஒருவர் கட்டிலருகே வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்ஸின் பை. "நீங்க ஒரு பைசா செலவு பண்ண வேண்டாம் தம்பி. வர்றதுல நூத்துக்கு முப்பது, அவ்வளவுதான்." வலது கை கட்டில் இருந்ததால், பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து, இடது கைப் பெருவிரலைப் பிடித்து ஐந்து தாளில் உருட்டியிருக்கிறார். ஒன்று வக்காலத்து. மற்ற நான்கும் வெற்றுத்தாள். நான் டீயோடு வந்து நின்றபோது அவன் விரல் நீலமாக இருந்தது. பத்தாவது வரை படித்தவன், முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுகிறவன். "வக்கீல் வந்தாருக்கா, எல்லாம் அவரே பாத்துக்குவாராம்" என்றான். வந்தவர் வக்கீல் இல்லை, வக்கீலுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்ட். நர்ஸ் கொடுத்த ஸ்பிரிட் பஞ்சால் அந்த விரலை நான் துடைத்துவிட்டேன்.

ஓடிப்போய் அந்தத் தாள்களை நான் வாங்கிக் கிழித்திருக்க வேண்டும். செய்யவில்லை. வேறு யாரிடம் போவது என்று எனக்குத் தெரியாது. ஆணைக்குழுவின் அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருப்பதும், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் போதும் என்பதும், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்பதும், 1987ஆம் ஆண்டிலிருந்தே இதற்கு ஒரு சட்டம் இருப்பதும் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. வழக்கில் வரும் தொகையில் வழக்கறிஞர் பங்கு கேட்கவே கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்வதும் அப்படித்தான். முப்பது சதவீதம் என்பதுதான் ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தோம்.

எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 159ஆம் பிரிவுப்படி காவல்துறை விபத்து அறிக்கையை மூன்று மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 166ஆம் பிரிவுப்படி தீர்ப்பாயம் அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2022இல் வந்த விதிகள் இன்னும் இறுக்கமானவை: முதல் அறிக்கை 48 மணி நேரத்துக்குள், விரிவான அறிக்கை 90 நாளுக்குள். அதாவது, அடிபட்டவன் கட்டிலை விட்டு இறங்காமலே அவன் வழக்கு தங்கள் மேசைக்கு வந்திருக்க வேண்டும். இதைவிடக் கருணையாக ஒரு சட்டத்தை எப்படி எழுத முடியும்? எங்களுக்கு அப்படி எந்த அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போனதாகத் தெரியவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அந்த ஏஜெண்ட் ஐந்தாவது மாதக் கடைசி வரை எங்கள் தாள்களைப் பையிலேயே வைத்திருந்தார்.

பதினான்கு மாதம் கழித்து லோக் அதாலத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். மேசை முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்போம். இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி ஏ.ஆர். காப்பியைத் திருப்பி, அந்த வரியின் மேல் பேனாவை வைத்தார். "தானா விழுந்ததாத்தானே இருக்கு? கேஸ் நடத்துனா இதுவும் கிடைக்காது." எங்கள் பக்கத்து வழக்கறிஞரைத் தம்பி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். ஐந்தரை லட்சத்துக்கு முடிந்தது. அதில் 1,65,000 ரூபாயை ஏஜெண்ட் வங்கி வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் தொகை சரியா தவறா என்று அன்று எங்களுக்குச் சொல்ல யாருமில்லை. பிறகு நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி 31 முதல் 35 வயது வரை ஆண்டு வருமானத்தை 16ஆல் பெருக்க வேண்டும். கொத்தனார் கூலிக்கு ரசீது கிடையாது. மாதம் 15,000 என்று குறைத்தே வைத்துக்கொண்டேன். ஆண்டுக்கு 1,80,000. அதைப் பதினாறால் பெருக்கினால் 28,80,000. மருத்துவக் குழு கொடுத்த ஊனம் 40 சதவீதம். அந்த நாற்பதையே வருமான இழப்பாக எடுத்தாலும் 11,52,000 வருகிறது. மருத்துவச் செலவையும், வலி வேதனைக்கு உரியதையும் இதில் நான் சேர்க்கவில்லை. அந்த நாற்பதைக்கூட அப்படியே எடுக்கத் தேவையில்லை என்று 2010இல் வந்த ராஜ்குமார் வழக்கின் தீர்ப்பு சொல்கிறது. கை இழந்த தச்சருக்கும் கை இழந்த எழுத்தருக்கும் நஷ்டம் ஒன்றல்ல, அவரவர் தொழிலைப் பார்த்து அளக்க வேண்டும் என்கிறது. தம்பியால் இப்போது மட்டப்பலகை பிடிக்க முடிகிறது. கரண்டியை அரை மணி நேரம் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகின்றன. கலவைச் சட்டியைத் தூக்க முடியாது. மேஸ்திரி அவனை எண்ணிக்கைக்கு நிற்க வைத்துப் பாதிக் கூலி தருகிறார். இதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் கேட்கவில்லை.

லோக் அதாலத்தைக் குறை சொல்வதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய்தா வாய்தாவாக அலைந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதை அன்று அந்த வராந்தாவிலேயே பார்த்தேன். ஆனால் அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடு இல்லை. அப்படியிருக்க, கையெழுத்துக்கு முன் ஒரு பத்து நிமிடம், கம்பெனிக்காரரும் ஏஜெண்டும் இல்லாத இடத்தில், ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் அந்தக் கணக்கை அடிபட்டவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். வேண்டாம் என்று எழுந்து போகவும் தமக்கு உரிமை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

தம்பிக்கு இரண்டு கட்டில் தள்ளி ஒரு பாட்டி இருந்தார். விடியற்காலையில் கோலம் போட வாசல் பெருக்கும்போது ஏதோ ஒரு வண்டி தொடையை முறித்துவிட்டுப் போய்விட்டது. எண் தெரியாது. "எந்த வண்டின்னே தெரியலையே, யாரைக் கேக்கறது" என்று அவர் மகள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மோதிவிட்டு ஓடிய வண்டியால் பலத்த காயம் பட்டவருக்கு 50,000, உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2,00,000 ரூபாய் அரசுத் திட்டத்திலேயே உண்டு. அந்த மகளுக்குச் சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர்கள் எந்த ஊர் என்றும் கேட்டு வைக்கவில்லை.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். நாட்டிலேயே அதிகம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கும் திட்டத்தை 2021இல் கொண்டுவந்த மாநிலமும் இதுதான். உயிரைக் காப்பாற்ற அந்த நேரத்தில் ஆள் இருக்கிறது. அதே 48 மணி நேரத்தில் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கவும், காவல்துறையின் முதல் அறிக்கை போயிற்றா என்று கேட்கவும், வெற்றுத்தாளில் கை வைக்காதே என்று சொல்லவும் ஆள் வேண்டும். ஆணைக்குழுவிடம் சார்பு சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனை விபத்து வார்டின் வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாயங்கால நேரத்தில் கட்டாயம் ஒருவர். ஏஜெண்டுகள் வருவது அந்த நேரத்தில்தான். காவல் நிலைய வாரியாக எத்தனை எஃப்.ஐ.ஆர். பதிவாயிற்று, எத்தனை அறிக்கை தீர்ப்பாயத்துக்கு வந்தது என்று தாங்கள் மாதம் ஒருமுறை கேட்டாலே மீதி தானாக நகரும். இதற்குப் புதிதாக ஒரு சட்டமும் வேண்டாம்.

பதிவேட்டு நகலைத் தம்பியின் பெயரை மறைத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தன்னார்வலர் பயிற்சிக்கு என் விண்ணப்பமும் இருக்கிறது. பள்ளி நாலேகாலுக்கு விடும். ஐந்து மணிக்கு என்னால் அந்த வார்டில் இருக்க முடியும்.

இப்படிக்கு,
கட்டில் எண் 17இல் இருந்தவனின் அக்கா