பெட்டி விலைக்குக் கப்பல் மூழ்காது

ரேடியோவில் ஓடும் மாதிரி நீர்மூழ்கிகளில் விலை குறைந்த கிட்டே சிக்கனமான கிட் என்று முதன்முதலாக வாங்குவோர் பலரும் நம்புகிறார்கள். கார், படகு மாதிரிகளுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். நீர்மூழ்கிக்குப் பொருந்தவே பொருந்தாது. மலிவான பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் வெறும் ஓடு. ரெவெல் நிறுவனத்தின் 1:72 அளவிலான ஜெர்மன் 'ஏழு-சி' நீர்மூழ்கியை எடுத்துக்கொள்ளலாம். சுமார் 93 சென்டிமீட்டர் நீளம், பார்வைக்கு அச்சு அசல். ஆனால் அது அலமாரியில் வைப்பதற்கான பிளாஸ்டிக் கிட். மோட்டார், சர்வோ, நீர் புகாத உருளை, ரேடியோ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்கும்போது ஓட்டின் விலை மொத்தச் செலவில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிடும்.

முதல் அடி விழுவது ரேடியோவில். இன்று மலிவாகக் கிடைக்கும் செட்டுகள் அநேகமாக எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒரு கிலோமீட்டர் எட்டும் என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். அந்தக் கிலோமீட்டர் காற்றில். தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர் போவதற்குள் அலையின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவதும் ஏறத்தாழ இதே அலையைத் தண்ணீர் விழுங்கிக்கொள்வதால்தான். நன்னீரில் சில மீட்டராவது இறங்குபவை 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் போன்ற பழைய அலைவரிசைகளே. கடற்படையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்காகத் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் கிலோஹெர்ட்ஸ் அளவிலான மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிபரப்புகிறது. வேடிக்கை என்னவென்றால், பொம்மைக் கடையின் கையகல நீர்மூழ்கிகள் பலவற்றில் 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ்தான் இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் புதுச் செட்டில் அது இல்லை.

இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் விதி வந்தது. வெளிநாட்டிலிருந்து 75 மெகாஹெர்ட்ஸ் செட்டை வரவழைக்கும் முன் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. கையில் 2.4 செட்டுதான் இருக்கிறது என்றால், ஆன்டெனா நீருக்கு மேலே நிற்கும்படி பெரிஸ்கோப் ஆழத்தில் மட்டுமே ஓடும் கப்பலாக மாதிரியைத் திட்டமிட வேண்டும். தாழ்ந்த அலைக்கும் உப்பு பகை. கோயம்புத்தூரின் சிறுவாணித் தண்ணீரில் எட்டும் தூரம், அவிநாசிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் எட்டாது.

அடுத்தது நீர் புகாத உருளை. இதை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் ஓட்டைவிட விலை கூடும். கோயம்புத்தூரில் அதை இறக்குமதிச் சரக்காக விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. அக்ரிலிக் குழாய், இரு முனைக்கும் கடைந்த மூடிகள், அவற்றில் ஓ-ரிங், விசிறித் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல்: ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பம்ப் உதிரிகள் கடையும் லேத் பட்டறைகளுக்கு இது புதிய வேலையே அல்ல. ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம்தான். ஆழ்துளைக் கிணற்றில் ஆயிரம் அடி நீருக்குக் கீழே அது 30 கிலோ. ஆனால் அங்கே இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் வித்தையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த மோட்டார்களில் பலவற்றை உள்ளே தண்ணீர் நிரப்பியே கிணற்றில் இறக்குகிறார்கள். காப்பு காயில் கம்பியின் மேலுறையில் இருக்கிறது. மாதிரிக் கப்பலின் ரிசீவருக்கு ஒரு சொட்டும் ஆகாது.

தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலை மூழ்கவும் மிதக்கவும் வைக்கும் பேலாஸ்ட் தொட்டி இல்லாதது நீர்மூழ்கியே அல்ல என்ற பேச்சும் செலவை ஏற்றிவிடுகிறது. அசல் ஏழு-சி கப்பலின் நீர்மேல் எடை 769 டன், மூழ்கிய நிலையில் 871 டன். வித்தியாசமான 102 டன்னை 72-இன் கனத்தால் வகுத்தால் மாதிரிக்கு ஏறத்தாழ 270 மில்லி தண்ணீர். இந்தக் கால் லிட்டரை உள்ளே இழுத்து வெளியே தள்ள பிஸ்டனோ பம்போ வேண்டும். சிக்னல் அறுந்தால் தானாகவே தண்ணீரைத் தள்ளிவிடும் சுற்றும் வேண்டும். தொட்டியில்லாத கப்பலோ இயல்பில் சற்றே மிதக்கும். ஓடும் வேகத்தில் கிடைத்துடுப்புகள் அதைக் கீழே அழுத்தும். மோட்டார் நின்றால் தானே மேலே வரும். முதல் கப்பலுக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

ஓட்டப்போகும் நீர்நிலை எது என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். உக்கடம், சிங்காநல்லூர்க் குளங்களில் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் சேர்ந்தால் ஒரு முழம் கீழே போன கப்பல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீர் உள்ள தோட்டத்துத் தொட்டியே மேல். ஆனால் ஐந்தாறு மீட்டர் நீளத் தொட்டியில் 93 சென்டிமீட்டர் கப்பல் திரும்புவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும். அரை மீட்டர்க் கப்பலுக்கு அந்த இடம் போதும். நீளம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகும் என்பதால் மோட்டாரும் பேட்டரியும் சிறியவையே போதும். சீல் கசிந்து கப்பல் அடியில் உட்கார்ந்துவிட்டால், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியே அதையும் எடுத்துவிடும்.