வலிய வண்டியில் ஒரு விடியற்காலை

மலையகத்திலே பிறந்தவர்க்கு மோட்டார் சைக்கிள் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அதன் உருவமன்று, ஓசையே. எமது இளமையில் தோட்டத்திலே மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்று இருந்தது. அது சின்னத்துரையுடையது. மலை முகட்டில் அதன் உறுமல் கேட்டதும் பிரட்டுக்களத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்துவர். றோட்டில் நடந்தோர் கானோரம் ஒதுங்குவர். லயத்து வாசலில் விளையாடும் சிறுவர் கூட்டம் உள்ளே ஓடி ஒளியும். அக்கூட்டத்தில் நாமும் ஒருவர்.

சென்ற வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அத்தகைய ஓசையொன்றை எழுப்பும் வாய்ப்பு எமக்கே கிட்டியது. கொழும்பிலிருந்து ஹற்றனுக்கு விருந்தினராக வந்திருந்த நண்பர் ஒருவர் தமது வண்டியின் சாவியை எம் கையில் வைத்து, “நுவரெலியா வரைக்கும் ஒருதரம் ஓட்டிப் பாருங்க அண்ணே, இந்த றோட்டு உங்களுக்குப் பழக்கந்தானே!” என்றார். றோட்டு பழக்கந்தான். ஆனால் நாம் நாள்தோறும் கடைத்தெருவுக்குப் போய்வருவது நூறு சிசி வண்டியொன்றில். நண்பருடையதோ 1300 சிசி!

வண்டியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். யமஹா நிறுவனத்தார் 2001 ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட எஃப்.ஜே.ஆர். 1300 என்னும் இனம் அது. நான்கு உருளைகள், ஏறக்குறைய 145 பரிவலு, 25 லீற்றர் பெற்றோல் கொள்ளும் தாங்கி. பின்சக்கரத்தைச் சங்கிலி இழுப்பதில்லை. சுழல்தண்டொன்றே வலுவைக் கொண்டு செல்கிறது. முன்னாலுள்ள கண்ணாடித் தடுப்பு, ஒரு பொத்தானை அழுத்தினால் உயர்கிறது, தாழ்கிறது. பந்தய வண்டியின் விரைவும் நெடும்பயண வண்டியின் சௌகரியமும் ஒருங்கே பொருந்திய இத்தகைய வண்டிகளை ஸ்போர்ட் டூரிங் வண்டிகள் என்பர். 1976 இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். இவற்றுக்கு வழிகாட்டியாயிற்று. ஓட்டுபவரைக் காற்றினின்று காக்கும் முழுக்கவசம் அதற்குத் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. அக்கவசத்தின் வடிவத்தை இத்தாலியிலுள்ள காற்றுச் சுரங்கமொன்றில் சோதித்துச் செம்மைப்படுத்தினார்கள்.

ஐரோப்பாவின் அகன்ற சாலைகளில் ஒரே பகலில் நாடு விட்டு நாடு செல்வோர்க்கு இவையெல்லாம் வேண்டும். எமது நாட்டிலோ 2011 இல் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டும் அதில் இருசக்கர வண்டிகளுக்கு இடமளிக்கப்படவில்லை. மற்றைய பாதைகளில் சட்டம் அனுமதிக்கும் வேகத்தை இவ்வண்டி இரண்டாம் கியரிலேயே எட்டிவிடும். மீதிக் கியர்கள் எதற்கு என்று கேட்டால் நண்பர் புன்னகை செய்கிறார்.

முதற் பாடம் வண்டி நகருமுன்பே கிடைத்தது. தாங்கி நிரம்பியிருக்கையில் அதன் நிறை ஏறக்குறைய 290 கிலோகிராம். எமது சிறிய வண்டியைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். நண்பரின் விடுதி முற்றம் சற்றே சரிவானது. வண்டியை நிமிர்த்தித் திருப்புவதற்குள் எமக்கு வியர்த்துவிட்டது. ஹற்றனின் காலைக் குளிரில் வியர்ப்பது அருமையான காரியமன்றோ! ஆனால் சக்கரம் உருளத் தொடங்கியதும் அந்நிறை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. முழங்கால்களுக்கிடையில் பெரிய மிருகமொன்று மூச்சு விடுவதுபோல் இருந்தது. நாம் அஞ்சியவாறு அது பாயவில்லை. கைப்பிடியைத் திருப்பிய அளவுக்கே முன்னேறியது. வலிமை மிக்கது இத்துணை மெதுவாக நடந்துகொள்ளும் என்று நாம் எதிர்பார்த்ததில்லை.

அவிசாவளையில் தொடங்கும் ஏ7 பாதை, ஹற்றனுக்கு அப்பால் கொட்டகலையைக் கடந்து தலவாக்கலைக்கு இறங்கி, அங்கிருந்து லிந்துலை, நானுஓயா வழியே நுவரெலியாவுக்கு ஏறுகிறது. நேரான பகுதி என்று சொல்லத்தக்கது மிகச் சிலவே. டெவோன் நீர்வீழ்ச்சி எதிர்மலையில் வெள்ளை நூலாகத் தெரிந்தது. சென் கிளேயர் வீழ்ச்சியைப் பனி மறைத்திருந்தது. பார்த்துக்கொண்டே போகலாம் என்று எண்ணியது தவறு. பாரமான வண்டியில் கண் எங்கே போகிறதோ அங்கே வண்டியும் போகிறது! பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே செல்லும். வளைவின் முடிவைப் பார்க்கவேண்டும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் தெரியும்வரை மெதுவாகப் போகவேண்டும். இடப்பக்கமாகச் செல்லும் எமது ஒழுங்கில் இடப்புற வளைவுகளே இறுக்கமானவை. அவற்றின் உட்கரையில் கொழுந்து லொறி சிந்திய சேறும் ஈரச் சருகும் கிடக்கும். சிறிய வண்டியில் கால் ஊன்றிச் சமாளிக்கலாம். 290 கிலோவைக் கால் சமாளியாது. வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்து, வளைவினுள் மெல்ல இழுவை கொடுக்க, வண்டி தானே நிமிர்ந்துகொண்டது. நாலைந்து வளைவுகளில் இந்த வித்தை பிடிபட்டதும் எமக்குச் சிறிது கர்வமும் உண்டாயிற்று என்பதை ஒளிப்பானேன்?

லிந்துலையைக் கடந்து சிறிது தூரம் ஏறியதும் பனி அடர்ந்தது. பனிக்குள் முன்னால் ஒரு வரிசை தெரிந்தது: இருபது பெண்கள், இடுப்பிலே படங்கு, முதுகிலே கூடை, கொழுந்து மலைக்குப் போய்க்கொண்டிருந்தனர். நாம் இன்னும் நெருங்கவில்லை. கொம்பும் ஒலிக்கவில்லை. ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் வரிசை முழுவதும் கானோரம் ஒதுங்கிற்று. பின்னாலிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓய்வு பெறும் வயதை அண்மித்த ஒருத்தி மட்டும் எம்மை நோக்கி நின்று தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்கு வந்தது. துரைமார் எத்தனையோ பேர் மாறினர். இப்பொழுது லயத்துப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கின்றனர். சிறு வண்டிகளின் சத்தத்துக்கு எவரும் அசைவதில்லை. பெரிய ஓசைக்கு உடம்பு இன்னும் ஒதுங்குகிறது. எமது தாயும் இப்படித்தான் ஒதுங்கி நின்றிருப்பார். இன்று தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்து, கறுத்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்தவர் நாம்.

கடந்து போக மனம் வரவில்லை. நிறுத்தினோம். நிறுத்தியது ஏற்றத்தில், அதுவே பிழை. ஊன்றிய இடக்கால் சேற்றில் வழுக்க, வண்டி மெல்ல, மிக மெல்ல, பள்ளத்துப் பக்கம் சாயத் தொடங்கிற்று. நெடும்பயண வண்டியும் 145 பரிவலுவும் அக்கணத்தில் ஒரு காசுக்கும் உதவவில்லை. “புடிங்க, புடிங்க!” என்று ஒரு குரல். மூன்று பெண்கள் கூடையோடு பாய்ந்து வந்து வண்டியைத் தோள் கொடுத்துத் தாங்கினர். தலை கவிழ்ந்து நின்றவளே முதலில் வந்தவள். நாள் முழுதும் செங்குத்தான மலையில் கூடை சுமந்து பழகிய கால்கள் அவை; வழுக்கவில்லை.

தலைக்கவசத்தைக் கழற்றினோம். அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“தொர வாறாருன்னு நெனச்சுட்டோம் தம்பி! நீங்க எந்தத் தோட்டம்?”

தோட்டத்தையும் டிவிஷனையும் சொன்னோம். அங்கே அவளுடைய சின்னம்மா வாழ்க்கைப்பட்டிருந்தாராம். அதன்பின் கூச்சம் போயிற்று. இளையவள் ஒருத்தி கண்ணாடித் தடுப்பு ஏறி இறங்குவதை இரண்டு முறை செய்து காட்டச் சொன்னாள். “இது என்னா வெல?” என்று மற்றொருத்தி கேட்டாள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று பல ஆண்டு கேட்டு, 2021 இல்தான் அதனைப் பெற்றவர்கள் அவர்கள். எமக்கு நா எழவில்லை. “நம்மளது இல்லக்கா, கூட்டாளியோடது” என்று மட்டும் சொன்னோம். அது விடையாகாது என்பது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. கங்காணியின் குரல் மேலிருந்து கேட்கவே அவர்கள் விரைந்து ஏறிப் போயினர்.

எஞ்சிய வழியை நாம் எப்படிக் கடந்தோமென்று விரித்துரைக்க வேண்டியதில்லை. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்திலுள்ளதைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. அந்நாளில் கார்புரேட்டர் பொருத்திய சின்னத்துரை வண்டிகள் மேல் மலைக்கு ஏறும்போது இருமியதும் கரும்புகை கக்கியதும் இதனாலேயே. காற்றுக் குறைந்தும் பெற்றோல் குறையாது வந்துகொண்டிருக்கும். இக்கால வண்டி காற்றை அளந்து பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. வலு சற்றுக் குறைந்திருக்கும். எம்மால் உணர முடியவில்லை. ஏப்ரல் மாதத்திலாயின் இந்நகரில் இத்தகைய வண்டிகளைக் காண மக்கள் திரள்வர். 1934 முதல் நடைபெற்றுவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைத் தேயிலைச் செடிகளுக்கிடையில் நின்று பார்த்த நினைவு எமக்குண்டு. அங்கேயும் ஓசை கேட்டு ஒதுங்கித்தான் நின்றோம். ஆனால் அது மகிழ்ச்சியோடு.

தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினோம். இறக்கத்தில் இவ்வண்டியின் குணம் இன்னும் நன்றாக விளங்கிற்று. தாழ்ந்த கியரில் விட்டால் இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது; பிரேக்கை அளவாகவே தொடவேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் ஏழு உயிர்கள் பலியான றதல்லை குறுக்குப் பாதை பிரியும் இடத்தைக் கடக்கையில் அந்த அளவையும் மீறிச் சற்று அழுத்தினோம்.

பனி விலகியிருந்தது. காலையில் நாம் சாய்ந்த இடத்துக்கு மேலே, பச்சைச் சரிவில் வரிசையாக நின்று அவர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். உயர்ந்த கியருக்கு மாற்றி, ஓசையைத் தணித்து மெதுவாகச் சென்றோம். பெரும்பாலோர் நிமிரவில்லை, கை வேலையில் இருந்தது. ஒருத்தி மட்டும் கையை உயர்த்தி, விழுவதுபோல் உடம்பைச் சாய்த்துக் காட்டினாள். சரிவு முழுவதும் சிரிப்பொலி எழுந்தது.

ஹற்றனில் நண்பர் வாசலிலேயே காத்திருந்தார். “எவ்வளவு வேகம் போனீங்க?” என்பதே முதற் கேள்வி. ஒருமுறை அறுபது என்றோம். அவர் முகம் வாடிற்று. வண்டி விழப் பார்த்த கதையைச் சொன்னதும் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார், கீறல் ஏதுமில்லை. அடுத்த மாதமும் வருவாராம். அப்போது இருவருமாகப் போகலாம், விடியற்காலையில் புறப்பட்டால் றோட்டு வெறிச்சோடியிருக்கும் என்றார்.

பெண்கள் மலையேறிய பின்னர், எட்டு மணியளவில் புறப்படலாம் என்றோம்.